தாட்டதா, தோண்டினதா

மத்தியான வெயிலில் தோட்டத்துக்குள் ஆரும் இறங்குவதில்லை. மாடே நிழல் தேடிப் படுத்துவிடும். அந்த நேரம் பார்த்து லூர்த்தம்மா புகையிலைக் கன்றுகளுக்கு நடுவே குந்தியிருந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

பூரணம் குசினி யன்னலால் அதைப் பார்த்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, அதை மறந்துபோனாள். லூர்த்தம்மாவின் கையில் புல்லுச் செதுக்கும் உழவாரம் இருந்தது, ஆனால் ஒரு புல்லும் செதுக்குப்படவில்லை. கிளறுகிறாள், குனிந்து பார்க்கிறாள், விரலால் தடவுகிறாள், பிறகு மண்ணை மூடி உள்ளங்கையால் தட்டிவிடுகிறாள். வாய் ஓயாமல் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மண்ணுக்குள்ளிருந்து எதையோ எடுத்தாளா, இல்லை மண்ணுக்குள் எதையோ வைத்தாளா, அந்தத் தூரத்துக்குத் தெரியவில்லை. சீலைத் தலைப்பை ஒருதரம் அவிழ்த்து, பிறகு இறுக்கி முடிந்துகொண்டாள்.

"என்ன லூர்த்தம்மா, இந்த வெயிலுக்குள்ளை?" பூரணம் யன்னலடியிலிருந்தே கேட்டாள்.

லூர்த்தம்மா திடுக்கிட்டு எழும்பினாள். "ஒண்டுமில்லை அக்கா. புல்லு."

"புல்லுப் பிடுங்கச் சொல்லி ஆர் சொன்னது?"

"சும்மா இருக்கிற நேரந்தானே அக்கா."

அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டு தன் கொட்டிலுக்குப் போய்விட்டாள். முடிச்சுப் போட்ட தலைப்பை ஒரு கை பொத்திப் பிடித்திருந்தது. சந்தேகம் என்பது பாருங்கோ பிள்ளையள், புகை மாதிரி. எந்த ஓட்டையால் வந்ததென்று பிறகு தேடினால் பிடிபடாது. பூரணத்துக்கு அது அந்தக் குசினி யன்னலால் வந்தது. சோறும் அடிப்பிடித்துப் போனது.

இது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மாசி மாதத்துக் கதை. உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டம். யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையோடு குருநகர்க் கரையில் ஆமியின் செல் குண்டு விழத் தொடங்க, அங்கேயிருந்த சனம் கிடைத்த இடமெல்லாம் சிதறியது. சிமியோனும் அவன் பெண்சாதி லூர்த்தம்மாவும் ஒரு சைக்கிளில் வலையையும் பானையையும் மாதா படத்தையும் கட்டிக்கொண்டு வந்து படலையில் நின்றபோது, பூரணத்தின் புருசன் நமசிவாயம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வளவின் மூலையில் கிடுகு போட்டு ஒரு கொட்டில் கட்டக் கூடமாட நின்றார். பிள்ளைகுட்டி இல்லாத சோடி. சத்தம் சந்தடி இல்லை. பூரணமும் முதலில் சந்தோசப்பட்டாள். அவளுடைய ஒரே மகளை நெல்லியடியில் கட்டிக் கொடுத்த பிறகு வளவு வெறுமையாய்த்தான் கிடந்தது.

சிமியோன் விடியமுன்னம் சைக்கிளில் கரைக்குப் போவான். ஆழக் கடலுக்குப் போகத் தடை. இடுப்பளவு தண்ணியில் நின்று பரவைக்கடலில் வலை வைத்து, கிடைத்ததை விற்றுப்போட்டு வருவான்.

அந்த வருசம் யூரியா உரம் என்று ஒரு சாமானை அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குள் வரவிடவில்லை. புகையிலை மஞ்சள் பூத்து நின்றது. நமசிவாயம் இலையைத் தடவித் தடவிப் பெருமூச்சு விடுவதைப் பார்த்துவிட்டுச் சிமியோன்தான் சொன்னான்: "அண்ணை, கரையிலை மீன் வெட்டின கழிவு கடகம் கடகமாக் கிடக்குது. தலை, குடல், சூடைமீன் பொடி. மண்ணுக்குள்ளை தாட்டுப் பாருங்கோ."

நமசிவாயம் கன்றுகளுக்கு நடுவே நீளக் குழியாய்க் கான் வெட்டி, கழிவைக் கொட்டி, மேலே பனையோலை போட்டு மண்ணால் மூடினார். பத்துப் பதினைந்து நாளில் இலை கறுத்துப் பச்சை பிடித்தது. மனிசனுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். பொழுதுபட்டால் கிணற்றடியில் இரண்டு ஆம்பிளையளும் கால் கழுவிக்கொண்டு நின்று கதைப்பார்கள்.

"உங்கடை கடலிலை என்னத்துக்கடா பயம்?" என்பார் நமசிவாயம்.

"காலை வைக்க ஏலாது அண்ணை. ஓரா மீன் முள்ளுக் குத்தினால் ஒருநாள் அழவேணும். கெளிறு குத்தினால் அதைவிட. சொறிமீன் பட்டால் தோல் பொங்கிப் போகும். திருக்கை இருக்கிறாரே, அவர்தான் பெரியவர். மணலுக்குள்ளை படுத்திருப்பார், மிதிச்சால் வாலைச் சுழட்டி அடிப்பார்."

"எங்களிட்டையும் இருக்கினம் பெரியாக்கள். மட்டத்தேள் ஒரு சாண். புலிமுகச் சிலந்தி. எல்லாருக்கும் மேலாலை புடையன் பாம்பு."

"செருப்புப் போட்டால் என்ன அண்ணை?"

"செருப்போடை மண்ணை மிதிச்சால் மண்ணுக்குக் கோபம் வரும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

பூரணத்துக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்காது. அவளுக்கு எட்டு வயதாயிருக்கும்போது, இதே மாதிரி ஒரு புகையிலைத் தோட்டத்தில், அவளுடைய ஐயாவைப் புடையன் தீண்டியது. காலைக் கட்டி, வண்டிலில் போட்டு விசகடி வைத்தியம் பார்க்கிற பரியாரியிடம் கொண்டுபோன வழியில் சீவன் போனது. அதற்குப் பிறகு அவள் தோட்டத்துக்குள் இறங்கினால் கண் நிலத்தை விட்டு எழும்பாது. புருசனோ வெறுங்காலோடு திரிகிற மனிசன். அவருக்கு ஒன்று நடந்தால் அந்த வளவில் அவளுக்கென்று ஒருத்தரும் இல்லை. அந்த ஒரு பயத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் அவள் நெடுகச் சீவித்தாள்.

பக்கத்து வளவில் நமசிவாயத்தின் தமக்கை சிவக்கொழுந்து இருந்தாள். வேலியில் ஒரு பொட்டு இருந்தது. அந்தப் பொட்டுக்குள்ளால் கீரையும் வரும், ஊர்ப் புதினமும் வரும்.

"சைவக்காரன்ரை தோட்டத்திலை மீன்குடலைத் தாட்டுவைக்கிறான் என்ரை தம்பி. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற வீடு, நாறுது" என்று தொடங்கியவள், பிறகு குரலைத் தணித்தாள். "உவள் லூர்த்தம்மாவை நீ வடிவாப் பாத்தனியோ பூரணம்?"

"ஏன் மச்சாள்?"

"முந்தநாள் கிணத்தடியிலை ஒரு சாரைப்பாம்பு. நான் கத்தினன். உவள் ஓடி வந்து வாலிலை பிடிச்சு, தலைக்கு மேலாலை ஒரு சுழட்டுச் சுழட்டி வேலிக்கு அங்காலை எறிஞ்சுபோட்டுக் கையைக் கழுவுறாள். பயமெண்டு ஒரு பொட்டுமில்லை. பொம்பிளை ஒருத்தி பாம்பை அப்பிடிப் பிடிப்பாளோ? பழக்கமில்லாமல் பிடிப்பாளோ?"

பூரணம் கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கொட்டில் வாசலிலை என்ன தொங்குது எண்டு பாத்தனியோ? திருக்கைவால். பேய் விரட்டத் தூக்குறதாம். விரட்டத் தெரிஞ்சவளுக்கு ஏவத் தெரியாதோ?"

மத்தியானம் கண்டதைப் பூரணம் அப்போது சொன்னாள். மண்ணைக் கிளறினது, முணுமுணுத்தது, தலைப்பில் முடிந்தது. சிவக்கொழுந்துக்கு வேறென்ன வேணும். கையைத் தாடையில் வைத்துக்கொண்டு, "சூனியம் தாட்டுப்போட்டாளடி" என்றாள். "வளவை எழுதி வாங்கத்தான். நீங்கள் குடி எழும்பிப் போனால் கொட்டில் நிலம் அவையளுக்குத்தானே."

"சும்மா இருங்கோ மச்சாள்" என்றாள் பூரணம். ஆனால் அன்றைக்கு அவள் நித்திரை கொள்ளவில்லை.

அடுத்தநாள் லூர்த்தம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற நேரம் பூரணம் கொட்டிலுக்குள் போனாள். மற்றவர் இருக்கும் இடத்துக்குள் கேளாமல் நுழைந்தது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல்தரம். கால் கூசியது. கூரைக் கிடுகுக்குள் ஒரு சீலைத்துணி முடிச்சுச் செருகியிருந்தது. அவிழ்த்தாள். உள்ளே விரல் நீளத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் எலும்பு. இரண்டு ஓரமும் அரத்துப் பல்லுப் போல, பின்பக்கமாய்ச் சரிந்த பல்லு. கூட, காய்ந்த தோல் துண்டு கொஞ்சம்.

முடிச்சோடு கொண்டுவந்து குசினியில் பால்மாத் தகர ரின்னுக்குள் போட்டு மூடினாள்.

பின்னேரம் புருசனிடம் மெல்லக் கதையெடுத்தாள். "உவையளை வேறை எங்கையும் பாக்கச் சொன்னால் என்ன?"

"ஏன்?"

"மனம் சரியில்லை."

"புகையிலை சரியாயிருக்கு. அது காணும்" என்றார் நமசிவாயம். "அக்கா உன்ரை காதுக்குள்ளை ஓதிப்போட்டா, என்ன? அவவுக்கு அயலிலை ஆரும் இருக்கக்கூடாது. நான் தம்பி, வேறை வழியில்லை, அதாலை விட்டு வைச்சிருக்கிறா."

ரின்னைத் திறந்து காட்ட அவளுக்கு மனம் வந்தது. பிறகு, கொட்டிலுக்குள் களவாய்ப் போனதையும் சொல்ல வேணுமே என்று நிறுத்திக்கொண்டாள். சிமியோன் வரட்டும், அவனிடமே நேரே கேட்போம் என்று நினைத்தாள். சிமியோன் அன்றைக்கு வரவில்லை. கரைப்பக்கம் ஆமியின் ஹெலிகொப்டர் சுற்றுகிறதாம், அங்கேயே தங்கிவிட்டானாம்.

லூர்த்தம்மா அன்று முழுக்கக் கொட்டிலைக் கிளறிக்கொண்டிருந்தாள். பாயை உதறினாள், பானையைக் கவிழ்த்தாள். முடிச்சைத் தேடுகிறாள் என்று பூரணத்துக்கு விளங்கியது. ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லையே அவள். கள்ளமில்லாதவள் என்றால் "அக்கா, ஒரு முடிச்சுக் கண்டனீங்களோ" என்று கேட்டிருக்க மாட்டாளா? அடுத்தநாள் விடியவும் அவள் மறுபடி தோட்டத்துக்குள். மறுபடி முணுமுணுப்பு. பூரணத்தைக் கண்டதும் கையை மண்ணிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பின்னேரந்தான் நடந்தது.

நமசிவாயம் தண்ணி மாறிக்கொண்டிருந்தார். ஒரு வாய்க்காலை மண்ணால் அடைத்து மற்றதைத் திறந்துவிடுகிற வேலை. பூரணம் முற்றத்தில் நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "பூரணம்" என்று ஒரு குரல் கேட்டது. கத்தவில்லை. இருபத்தைந்து வருசத்தில் அவர் அந்தக் குரலில் அவளைக் கூப்பிட்டதில்லை. சுளகு எங்கே விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது.

வரம்பில் இருந்து இடது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் தண்ணி சிவந்து ஓடியது. முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது.

"பாம்போ?"

"தெரியாது. கானடிச் சேத்துக்குள்ளை காலை வைச்சன். குத்தினதோ கடிச்சதோ தெரியாது. நெருப்பு வைச்ச மாதிரிக் கிடக்கு. ஏறுது பூரணம், முழங்காலுக்கு ஏறுது."

சிவக்கொழுந்து பொட்டுக்குள்ளால் ஓடி வந்தாள். அவளுடைய புருசன் பஞ்சலிங்கம் ஒன்றும் கேளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு விசகடிப் பரியாரி முருகேசரைக் கூட்டிவரப் பறந்தார். கைத்தாங்கலாய் முற்றத்துக்குக் கொண்டுவந்து இருத்தினார்கள். சிவக்கொழுந்து பழஞ்சீலையைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். வேப்பங்கொழுந்தைப் பிடுங்கி வந்து தம்பியின் வாய்க்குள் திணித்தாள். நஞ்சு ஏறினால் வேம்பு கைக்காது, கசப்பே தெரியாது என்பது அந்த நாளையச் சனத்தின் கணிப்பு.

"கைக்குதோ?"

"கைக்குது."

"வடிவாச் சப்பு."

"கைக்குதெண்டு சொல்லுறனெல்லே அக்கா" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இன்னும் தலைக்கு ஏறேல்லை. அதுதான் கைக்குது" என்றாள் சிவக்கொழுந்து. எது வந்தாலும் அவளிடம் ஒரு பதில் இருந்தது.

பூரணம் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐயாவின் காலிலும் இப்படித்தான், பழஞ்சீலைக் கட்டு. வண்டில் சில்லின் சத்தம் காதுக்குள் கேட்டது. அந்த நேரம், ஆவி பறக்கிற பானையை இரண்டு துணியால் பிடித்துக்கொண்டு லூர்த்தம்மா வந்து முன்னால் நின்றாள்.

"அண்ணையின்ரை காலை இதுக்குள்ளை வையுங்கோ. கெதியா."

"கொல்லப் பாக்கிறியோ?" சிவக்கொழுந்து குறுக்கே கையை நீட்டினாள். "பாம்பு கடிச்ச காலுக்குச் சுடுதண்ணியோ? சூட்டோடை நஞ்சு ஏறுமடி. பூரணம், உவளைக் கிட்ட விடாதை. அண்டைக்குத் தாட்டவள், இண்டைக்கு முடிக்க வந்து நிக்கிறாள்."

லூர்த்தம்மா பானையைக் கீழே வைத்தாள். தன்னுடைய கையை முழங்கைமட்டும் அந்தத் தண்ணிக்குள் விட்டு, எடுக்காமல் வைத்திருந்தாள். "பொறுக்கிற சூடுதான் அக்கா. நான் பொறுப்பன், அண்ணையும் பொறுப்பார்."

எல்லாருடைய கண்ணும் பூரணத்தில். நமசிவாயம் கண்ணை மூடி அனுங்கிக்கொண்டிருந்தார். பாம்பென்றால் இந்தத் தண்ணி அவரைக் கொன்றுவிடும். பாம்பில்லை என்றால் இந்தக் கட்டு காலைக் கொன்றுவிடும். பரியாரி வர எவ்வளவு நேரமோ. பிள்ளையள், ஒரு மனிசி அப்படி நிற்கக்கூடாது, ஆருக்கும் அப்படி ஒரு நிலை வரக்கூடாது.

"நீ தோட்டத்திலை என்ன தாட்டனி?" என்று கேட்டாள் பூரணம். "அதைச் சொல்லு. பிறகு பாப்பம்."

"தாட்டது ஒண்டுமில்லை அக்கா. தேடினனான்."

"என்னத்தை?"

"திருக்கை முள்ளு. அதின்ரை நஞ்சு சூட்டுக்குத்தான் அடங்கும்."

லூர்த்தம்மாவின் கை இன்னும் பானைக்குள்தான் இருந்தது. அவள் சொல்லச் சொல்லப் பூரணம் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர்களுடைய கரையில் திருக்கை வெட்டுகிறவன் முதலில் வாலிலிருந்து முள்ளை முறித்து அடுப்பில் போடவேணும். அதற்குப் பிறகுதான் கத்தி உடம்பில் படும். அதுதான் முறை. ஆனால் அன்றைக்குக் கனிசியஸ் என்கிறவன் வெட்டிக்கொண்டிருந்தபோது ஹெலி வந்துவிட்டது. வாலை முள்ளோடு கழிவுக் கடகத்துக்குள் எறிந்துபோட்டு எல்லாரும் ஓடினார்கள். அந்தக் கடகந்தான் இந்தத் தோட்டத்துக்கு வந்தது. கனிசியஸ் அதைச் சிமியோனுக்குச் சொன்னதே போன கிழமை. அதற்குள் கழிவு மண்ணுக்குள் போயாயிற்று.

"அந்தத் திருக்கைக்கு ரெண்டு முள்ளு. ஒண்டை எடுத்திட்டன். மற்றது அம்பிடேல்லை. அண்ணை வெறுங்காலோடை திரியிறதைப் பாக்க என்ரை நெஞ்சு பதறினது அக்கா."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் போகச் சொல்லுவியள்."

பூரணம் குசினிக்குள் போனாள். ரின்னுக்குள் கிடந்த முடிச்சை எடுத்துக்கொண்டு வந்தாள். அதைக் கண்டதும் லூர்த்தம்மாவின் கண் விரிந்தது. பூரணம் புருசனின் காலடியில் குந்தி, சேற்றைக் கழுவி, காயத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஐயாவின் காலில் இரண்டு புள்ளி இருந்தது. ஊசி போட்ட மாதிரி இரண்டே இரண்டு புள்ளி. இது ஒரு கிழிசல். ஓரம் பிய்ந்த கிழிசல். அதற்குள்ளே நகக்கண் அளவுக்கு ஏதோ சாம்பல் நிறத்தில் தெரிந்தது. கையிலிருந்த எலும்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே நிறம். அதே அரத்துப் பல்லு.

"கட்டை அவிழுங்கோ மச்சாள்."

"விசரோ உனக்கு?"

பூரணம் தானே அவிழ்த்தாள். லூர்த்தம்மா முள் நுனியை நகத்தால் பிடித்து இழுத்தெடுத்தாள். நமசிவாயம் ஒருதரம் துள்ளிவிட்டு பூரணத்தின் தோளில் சாய்ந்தார். காலைத் தண்ணிக்குள் வைத்தார்கள். ஆறஆறச் சூடு மாற்றினார்கள். லூர்த்தம்மா ஒவ்வொரு தரமும் முதலில் தன் கையை விட்டுப் பார்த்தாள்.

முருகேசர் வந்து சேரும்போது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. வெத்திலையைக் கொடுப்புக்குள் ஒதுக்கிவிட்டுக் காலைத் தூக்கிப் பார்த்தார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், முள் நுனியையும் பார்த்தார்.

"நோ எப்பிடி?"

"முந்தி மரத்தை வெட்டின மாதிரி. இப்ப மரத்தைச் செதுக்குற மாதிரி" என்றார் நமசிவாயம்.

"பகிடி விடுறார். தப்பியிட்டார்" என்றார் முருகேசர். "உது என்ரை சாமான் இல்லை. புண் பழுக்காமல் பாக்கவேணும். விடிய டிஸ்பென்சறிக்குக் கொண்டு போங்கோ."

வந்ததுக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் பூரணத்தின் மனம் இறங்கவில்லை. டிஸ்பென்சறியில் ஊசி போட்டு, புண்ணைத் துப்புரவாக்கி, கால் மிதிக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நமசிவாயம் சாக்குக்கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அந்தக் காலைப் பார்க்கும் நேரமெல்லாம் பூரணத்துக்கு ஒரே கேள்விதான். தெரிந்துகொண்டு இருந்தாளே. ஒரு கிழமையாய், ஏழு நாளாய்த் தெரிந்துகொண்டு, இவர் அந்த மண்ணுக்குள் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு இருந்தாளே. சிமியோன் வந்து காலடியில் குந்தியிருந்து அழுதான். நமசிவாயம் அவன் முதுகில் தட்டினார். பூரணம் தட்டவில்லை.

முள்ளின் நுனிதான் காலில் வந்தது. மிச்சம் மண்ணுக்குள் கிடந்தது. மூன்றாம் நாள் விடிய அவள் மண்வெட்டியோடு கொட்டில் வாசலில் போய் நின்றாள்.

"வா. ரெண்டு பேருமாக் கிளறுவம். அது அம்பிடாமல் இந்தத் தோட்டத்துக்குள்ளை அவர் கால் வைக்கக்கூடாது."

பக்கம் பக்கமாய்க் குந்தியிருந்து கானைத் திறந்துகொண்டு போனார்கள். பூரணம் மண்ணை இழுக்க, லூர்த்தம்மா விரலால் அரித்துப் பார்த்தாள்.

"அண்டைக்கு என்ன முணுமுணுத்தனி?" என்று கடைசியில் பூரணம் கேட்டாள்.

"அந்தோனியாரைக் கேட்டனான். துலைஞ்ச சாமான் காட்டித் தாறவர் அவர்தான்."

"சாரைப்பாம்பைப் பிடிச்சு எறிஞ்சது?"

லூர்த்தம்மாவுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. "வலைக்குள்ளை கடல்பாம்பு வாறதெல்லே அக்கா. வாலிலை பிடிச்சு அப்பிடியே கடலிலை எறியிறதுதான். தண்ணியை விட்டு எடுத்தால் அதுக்குத் திரும்பித் தலை எடுக்கச் சீவன் காணாது. நஞ்சு பொல்லாதது, ஆனால் சோம்பல். சின்னனிலை இருந்து நாங்கள் செய்யிறது."

பூரணம் அடுத்த ஓலையை மண்வெட்டி நுனியால் நெம்பினாள்.

ஓலைக்குக் கீழே, ஈரத்தில், ஒரு புடையன் சுருண்டு கிடந்தது. தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வட்டங்கள், தலை உள்ளே புதைந்து, வால் மட்டும் லூர்த்தம்மாவின் பக்கமாய் நீட்டிக்கொண்டு. காய்ந்த ஓலைநிறத்தோடு ஓலைநிறமாய் இருந்தது. கண் பழகின பூரணத்துக்கு உடனே தெரிந்தது. லூர்த்தம்மாவுக்குப் பாம்பென்று மட்டும் தெரிந்தது. அவளுடைய கை, நினைக்காமலே, வாலுக்குப் போனது.

பூரணம் கண்டாள். அந்தக் கை போவதைக் கண்டாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நீ ஒரு கிழமை பார்த்துக்கொண்டிருந்தாயே என்று அவளுக்குள் எதுவோ ஒன்று சொல்லிற்று. ஒரு மூச்சு விடுகிற நேரம், அவ்வளவுதான்.

பிறகு லூர்த்தம்மாவின் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தார்கள். புடையன் தலையைத் தூக்கிச் சீறிய சீறல், துருத்தி ஊதுகிற மாதிரி நீளமாய்க் கேட்டது. லூர்த்தம்மாவின் கை இருந்த இடத்தில் அது ஒருதரம் கொத்திவிட்டு, மண்ணில் வாயைத் தேய்த்து, மெல்ல வேலிப்பக்கமாய் நகர்ந்தது.

"உது கடல்பாம்பில்லையடி" என்றாள் பூரணம். "வாலைப் பிடிச்சால் தலை உன்ரை முழங்கையிலை நிக்கும்."

லூர்த்தம்மா எழும்பி இருந்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பூரணத்தைப் பார்த்தாள்.

"நீங்கள் முதலே கண்டிட்டியள், என்ன அக்கா?"

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஒரு மூச்சு விடுற நேரம்" என்றாள் பூரணம்.

லூர்த்தம்மா குழம்பின கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். மண்ணைத் தட்டினாள். அவசரமில்லாமல் இதெல்லாம் செய்துவிட்டு, "நான் ஒரு கிழமை, அக்கா" என்றாள்.

புடையன் வேலிப் பொட்டுக்குள் தலையை விட்டுவிட்டது. பூரணம் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "மச்சாள், உங்கடை பக்கம் புடையன் ஒண்டு வருது. வெளியிலை இறங்காதையுங்கோ. பஞ்சலிங்கண்ணையைத் தடியோடை வரச் சொல்லுங்கோ."

அங்கே கதவடிக்கிற சத்தமும், பஞ்சலிங்கத்தை எழுப்புகிற சத்தமும் கேட்டன.

இவர்கள் மறுபடி கானில் குந்தினார்கள். கொஞ்சம் தள்ளிப் போனதும் லூர்த்தம்மாவின் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. "வேர்" என்று சத்தமாய்ச் சொன்னாள். பூரணத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவளுடைய மண்வெட்டி எதிலோ பட்டது. "கல்லு" என்றாள் அவளும்.

"மீன்தலை."

"ஓலை. தூக்கிறன். கையை எடு. ஒண்டுமில்லை."

"எலும்பு. சூடையின்ரை."

"கல்லு."

இப்படியே ஒரு கான் முடிந்து அடுத்த கான் தொடங்கியது. கண்டது, தொட்டது எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, இரண்டு பேரும் குந்திக் குந்தி நகர்ந்தார்கள். வெயில் ஏறியது. பஞ்சலிங்கம் புடையனைத் தேடிக் களைத்துப் போய் உள்ளே போய்விட்டார் போல. சிவக்கொழுந்துதான் ஒரு வாங்கிலில் ஏறி நின்று வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"என்னடி ரெண்டு பேரும் மாறி மாறி? தேவாரமோ, செபமோ?"

"ரெண்டுமில்லை மச்சாள். இறங்குங்கோ, வாங்கில் ஆடுது. விழப்போறியள்."

"நான் விழுந்தால் உனக்கென்ன?"

"கண்டதைச் சொன்னனான்" என்றாள் பூரணம்.

சாக்குக்கட்டிலிலிருந்து நமசிவாயம் சிரிப்பது கேட்டது. லூர்த்தம்மா சிரிக்கவில்லை. அவளுடைய விரல் மண்ணுக்குள் நின்றுவிட்டது. மெல்ல, மிக மெல்ல, சுற்றியிருந்த மண்ணை விலக்கினாள்.

"முள்ளு" என்றாள்.